அது காதல்தானா? முடிந்துபோன உறவைப் பற்றிப் பல வருடம் கழித்து வரும் சந்தேகம்

வைகறை

பிரிந்த முதல் சில மாதங்களை எப்படிக் கடப்பது என்று ஏற்கெனவே இந்த மன்றத்தில் நிறைய விவாத இழைகள் இருக்கின்றன. இது அதைப் பற்றியதல்ல. அழுகை அடங்கி, வாழ்க்கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது, பல வருடம் கழித்து ஒருநாள் வந்து உட்கார்ந்துகொள்ளும் சந்தேகத்தைப் பற்றியது. "அது காதல்தானா?" "அவசரப்பட்டுவிட்டேனா?" "அவருக்கு உண்மையிலேயே பிரியம் இருந்ததா?" பெரும்பாலும் இந்த மூன்றுதான் சுற்றிச் சுற்றி வரும்.

"காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" வகைப் பதில்கள் வேண்டாம். எதை எழுதுவது, எதைத் தொடக்கூடாது, எங்கே நிறுத்துவது என்று செய்முறையாகச் சொல்லுங்கள். சொந்தக் கதைகளுக்குத் தனி இழை உண்டு. இங்கே முறை மட்டும்.

நூற்கண்டு

முதல் வேலை, மூன்று கேள்விகளையும் தனித்தனியாகப் பிரித்துப் போடுவது. ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதால்தான் எந்த முனையை இழுத்தாலும் சிக்கு விழுகிறது.

"அது காதல்தானா" என்பது ஒரு சொல்லைப் பற்றிய கேள்வி. எதற்குக் காதல் என்று பெயர் வைப்பீர்கள் என்று முடிவு செய்யாதவரை அதற்குப் பதில் வராது. அந்த அளவுகோலும் 20 வயதில் ஒன்று, 35-இல் வேறொன்று. "அவசரப்பட்டேனா" என்பது அன்றைய முடிவைப் பற்றியது. அன்று கையில் என்ன தகவல் இருந்தது என்று தேடினால் ஓரளவு பதில் கிடைக்கும். "அவருக்குப் பிரியம் இருந்ததா" என்பது இன்னொருவர் மனதுக்குள் நடந்தது. அவர் செய்ததையும் சொன்னதையும் வரிசைப்படுத்தலாம், அதற்கு மேல் கதவு இல்லை. மூன்று தாள் எடுத்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கேள்வியை மட்டும் எழுதுங்கள். ஒன்றுக்கான பதிலை இன்னொன்றில் எழுதக்கூடாது.

அடுத்தது சாட்சி. இன்றைக்குக் கேள்வி கேட்கும் மனமேதான் அன்றைய சாட்சியையும் கூண்டில் ஏற்றுகிறது. கேத்தி மெக்ஃபார்லண்ட், மைக்கேல் ராஸ் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே தொடுகிறது. காதலிப்பவர்களிடம் தங்கள் இணையைப் பற்றி மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் மதிப்பிடச் சொல்லி, முதல் தடவை என்ன சொன்னீர்கள் என்று ஞாபகப்படுத்திச் சொல்லவும் கேட்டார்கள். இடையில் கசப்பு வந்திருந்தவர்கள், முன்பும் அவ்வளவு நல்லபடியாகச் சொல்லவில்லை என்று நினைத்தார்கள். பிரியம் கூடியிருந்தவர்களுக்கு நினைவு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. இரண்டே மாதத்தில் இவ்வளவு என்றால் எட்டு வருடத்துக்கு என்ன ஆகியிருக்கும்?

தமிழில் "நினைத்தேன்" என்றால் யோசித்தேன் என்றும் பொருள், ஞாபகம் வந்தது என்றும் பொருள். இந்த விஷயத்தில் மொழி மிகச் சரியாக இருக்கிறது.

செம்மண்

நினைவு மாறும், ஒப்புக்கொள்கிறேன். மெசேஜ் மாறாதே? வாட்ஸ்அப்பில் எல்லாம் அப்படியேதானே இருக்கிறது? அதைப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே.

குறிப்பேடு

செம்மண், மெசேஜ் மாறாது. ஆனால் அதில் எதைப் படிக்கிறோம் என்பது மாறும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

ஆப்புக்குள் போய்ப் படிக்காதீர்கள். அந்த சாட்டைத் திறந்து, எக்ஸ்போர்ட் கொடுத்து, மீடியா வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தால் உரையாடல் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக வரும். அதை கம்ப்யூட்டரில் திறந்து படியுங்கள். காரணம் எளிது: ஆப்பில் படித்தால் அவருடைய இப்போதைய ப்ரொஃபைல் போட்டோ மேலே நிற்கும், 'கடைசியாகப் பார்த்த நேரம்' தெரியலாம், கை தவறி அழைப்பு பட்டன் அழுந்தலாம். பழைய விஷயத்தைப் பார்க்கப் போய் புதிய விஷயத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

தேடல் பெட்டியில் "லவ்", "சாரி", "மிஸ் யூ" என்று அடிக்காதீர்கள். தேடுவதுதான் கிடைக்கும். அதற்குப் பதில் தேதியை வைத்து எடுங்கள். ஒவ்வொரு மாதத்திலும் 10, 11, 12 ஆகிய மூன்று நாட்கள் மட்டும். அன்று சண்டையா, கொஞ்சலா, ஒன்றுமே இல்லையா என்று பார்க்காமல் வருவதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருட உறவென்றால் 24 மாதம், 72 நாட்கள். போதுமான மாதிரி. ஒரு அமர்வு 45 நிமிடம், அலாரம் வைத்து. ஒரு நாளைக்கு ஒன்று, மொத்தம் மூன்று அமர்வுக்கு மேல் வேண்டாம். பகலில் மட்டும். இரவு 11 மணிக்கு மேல் எடுத்த எந்த முடிவும் காலையில் நிற்பதில்லை.

படிக்கும்போது நான்கு விஷயங்களை மட்டும் எண்ணுங்கள். அன்றைய பேச்சை யார் தொடங்கினார்? சொன்ன சொல் (வருகிறேன், கூப்பிடுகிறேன், அனுப்புகிறேன்) எத்தனை, அதில் நடந்தது எத்தனை? ஒருவர் கஷ்டத்தைச் சொன்னபோது மற்றவர் அதைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டாரா? மனஸ்தாபத்துக்குப் பிறகு முதலில் இறங்கி வந்தது யார்? இதில் முக்கியமானது மூன்றாவது. இனிக்க இனிக்கப் பேசுவது பலருக்கு வரும், கேட்டுத் தெரிந்துகொள்ள அக்கறை வேண்டும்.

ஒரு உதாரணம். இரவு 10:40-க்கு "வீட்டுக்குப் போயாச்சா" என்று ஒரு மெசேஜ். 10:41-க்கு "ம்" என்று பதில். கசந்த மனநிலையில் பார்த்தால் அந்த "ம்" அலட்சியம். ஏக்கத்தில் பார்த்தால் அதே "ம்" எவ்வளவு நெருக்கம், வார்த்தையே தேவைப்படவில்லை பாருங்கள் என்று தோன்றும். ஓரெழுத்தில் இரண்டுமே இல்லை. மேலே 20 வரி, கீழே 20 வரி படித்தால்தான் தெரியும். மறுநாள் காலை 7:05-க்கு "எழுந்தாச்சா" என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தால் அது ஒன்று. மூன்று நாள் ஒன்றுமே இல்லையென்றால் அது வேறு. தனி வரியை எடுத்து வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

மெசேஜுக்கே ஒரு சாய்வும் உண்டு. சேர்ந்து இருந்த நேரத்தில் யாரும் மெசேஜ் அனுப்பிக்கொள்வதில்லை. பிரிந்திருந்த நேரங்களும் நேரில் பேச முடியாத சண்டைகளும்தான் அதிகம் பதிவாகியிருக்கும். போட்டோக்கள் நேர் எதிர்: சண்டையின் நடுவில் யாரும் கேமராவை எடுப்பதில்லை. மெசேஜை மட்டும் பார்த்தால் உறவு இருந்ததைவிடக் கசப்பாகத் தெரியும், போட்டோவை மட்டும் பார்த்தால் இருந்ததைவிட இனிப்பாகத் தெரியும்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நண்பருக்கு அனுப்ப வேண்டாம். அவர் உங்கள் பக்கத்து ஆள், உங்களுக்குப் பிடித்ததைத்தான் சொல்வார். அன்றைக்கே எல்லாவற்றையும் அழிக்கவும் வேண்டாம். எண்ணி முடித்து 30 நாள் கழித்து முடிவு செய்யுங்கள்.

செம்மண்

நன்றி. பலர் கடைசி மாதத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பதும் இதே தவறுதானே?

நூற்கண்டு

அதேதான். டேனியல் கானமன் குழு 1993-இல் செய்த குளிர்நீர்ச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை 14 டிகிரி நீரில் 60 விநாடி கையை வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதோடு நீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றிக்கொண்டு மேலும் 30 விநாடி. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீளமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது, அவ்வளவுதான். எத்தனை நேரம் என்பதை நினைவு கணக்கில் எடுப்பதில்லை. உச்சமும் முடிவும்தான் பதிகின்றன.

கேவலமாக முடிந்த நல்ல உறவு மொத்தமாகக் கெட்டதாகத் தோன்றுவதும், கட்டிப்பிடித்து அழுது பிரிந்த மோசமான உறவு காவியமாகத் தோன்றுவதும் இதனால்தான். குறிப்பேடு சொன்ன தேதி முறை இந்தச் சாய்வை நன்றாகவே குறைக்கும்.

அந்திமந்தாரை

எழுதும்போது வினைச்சொல்லில் கவனம் வேண்டும். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, வேகத்தைப் பற்றிக் கேட்டார்கள். சிலரிடம் "கார்கள் இடித்தபோது", சிலரிடம் "அடித்து நொறுக்கிக்கொண்டபோது". ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேள்வி. படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. "நொறுக்கிக்கொண்டபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். "இடித்தபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்.

அடுத்தவர் கேட்ட ஒரே ஒரு சொல்லுக்கே இவ்வளவு. நமக்கு நாமே வருடக்கணக்கில் "ஏமாற்றிட்டார்" என்று சொல்லிக்கொண்டால் எத்தனை கண்ணாடி உடைந்திருக்கும்?

ஆகவே தாளில் கேமராவுக்குத் தெரியும் வினைகள் மட்டும்: சொன்னார், கேட்டார், வந்தார், வரவில்லை, கொடுத்தார், போனை எடுக்கவில்லை. தடை செய்ய வேண்டியவை: ஏமாற்றினார், நடித்தார், பயன்படுத்திக்கொண்டார். இனிப்புப் பக்கத்திலும் தடை உண்டு: உருகினார், உயிராக இருந்தார். "எப்பவும்", "ஒருநாளும்", "எல்லாம்" ஆகியவற்றை அடித்துவிட்டு அங்கே ஒரு எண்ணைப் போடுங்கள்.

"எல்லாம் நடிப்புதான்" என்ற வாக்கியத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். எல்லாம் என்றால் எவை? ஐந்து சம்பவம் எழுதுங்கள். நடிப்பு என்றால் யாரை நம்பவைக்க, என்ன ஆதாயத்துக்கு? ஐந்தில் இரண்டுக்கு ஆதாயம் சொல்ல முடியும், மூன்றுக்கு முடியாது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வாக்கியம் "இரண்டு முறை பொய் சொன்னார், மூன்று முறை மெனக்கெட்டார், பிறகு போய்விட்டார்" என்று ஆகும். இது முந்தையதைவிட வலிக்கலாம். கோபத்துக்குப் பிடிமானம் போய்விடும். ஆனால் இதை மறுபடி மறுபடி நிரூபிக்க வேண்டியதில்லை, நிற்கும்.

தாழ்வாரம்

எழுதுவது என்று வந்தபிறகு உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரைச் சொல்லாமல் எப்படி? 1986-இல் சாண்ட்ரா பீலுடன் செய்த சோதனை: 46 மாணவர்கள், தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம். மனதை மிகவும் பாதித்த அனுபவத்தை, நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கு உடனடியாக மனநிலை மோசமானது. ஆனால் அடுத்த 6 மாதத்தில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. இங்கேயும் அதையே செய்யலாம். நான்கு நாள், பதினைந்து நிமிடம், எழுத்துப்பிழை பார்க்காமல், மனதில் உள்ளதையெல்லாம் கொட்டுவது. முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடலாம்.

நூற்கண்டு

தாழ்வாரம், இதில் மட்டும் உங்களோடு உடன்பட மாட்டேன். எல்லோருக்கும் பொருந்தாது. டேவிட் ஸ்பாரா குழுவின் 2013 ஆய்வு, திருமண உறவில் சமீபத்தில் பிரிந்தவர்களை வைத்தே செய்தது. நடந்ததற்கு அர்த்தம் தேடித் தேடி உழல்பவர்களுக்கு, உணர்வைக் கொட்டி எழுதியது மீட்சியைத் தாமதப்படுத்தியது. அன்றாடம் என்ன செய்தோம் என்று உணர்ச்சி கலக்காமல் எழுதியபோது அவர்கள் தேறினார்கள். வைகறை கேட்கும் சந்தேகம் பெரும்பாலும் இந்த உழலும் வகைதான். அவர்களிடம் "மனதைக் கொட்டு" என்றால் ஏற்கெனவே ஓடும் சக்கரத்துக்கு எண்ணெய் போடுவது.

தாழ்வாரம்

சரியான திருத்தம், ஏற்கிறேன். அப்படியானால் யாருக்கு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நூற்கண்டு

20 நிமிடம் யோசித்த பிறகு தாளில் ஒரு புதிய வாக்கியமாவது வந்ததா என்று பாருங்கள். புதிய தகவல், புதிய கோணம், ஏதாவது. வந்திருந்தால் அது சிந்தனை, தொடரலாம். போன வாரம் எழுதிய அதே வாக்கியம் கொஞ்சம் கூடுதல் கண்ணீருடன் வந்திருந்தால் அது உழலல். அப்போது கொட்டி எழுதுவதை விட்டு அந்திமந்தாரையின் வினைச்சொல் முறைக்கு மாறுங்கள்.

"நான்" என்பதை எடுத்துவிட்டு, தன் பெயரையே போட்டு மூன்றாம் மனிதரைப் போல எழுதுவதும் உதவும். ஈத்தன் கிராஸ், ஓஸ்லெம் அய்டுக் போன்றவர்கள் இந்தத் தள்ளி நின்று பார்க்கும் முறையை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். "நான் ஏன் அன்றைக்குப் பேசாமல் இருந்தேன்" என்று கேட்டால் நெஞ்சு அடைக்கும். "அவள் ஏன் அன்றைக்குப் பேசாமல் இருந்தாள்" என்று எழுதினால், அவளுக்கு அப்போது 22 வயது, வீட்டில் இந்த நிலைமை, கையில் வேலை இல்லை என்று காரணங்கள் தானாகவே வரும்.

வைகறை

இரண்டாவது கேள்விக்கு அதுவே வழி போலிருக்கிறதே. "அவசரப்பட்டேனா" என்பதற்கு.

நூற்கண்டு

ஆமாம். அதற்கு ஒரு தாளில் நடுவில் கோடு. இடப்பக்கம் "அன்று தெரிந்தவை", வலப்பக்கம் "பின்னால் தெரிந்தவை". ஒவ்வொரு தகவலுக்கும் அது எந்த மாதம் தெரியவந்தது என்று எழுதுங்கள். பிறகு வலப்பக்கத்தைக் கையால் மூடிவிட்டு, இடப்பக்கத்தை மட்டும் வைத்து அந்த முடிவு நியாயமா என்று கேளுங்கள்.

இதைச் செய்ய வைப்பது கடினம், ஏனென்றால் முடிவு தெரிந்துவிட்டால் "எனக்கு அப்பவே தெரியும்" என்று மனம் நம்பிவிடும். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போவதற்கு முன், என்னென்ன நடக்க வாய்ப்பு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் ஃபிஷ்ஹாஃபும் பெய்த்தும் மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்த பிறகு, முன்பு எழுதியதை ஞாபகப்படுத்தச் சொன்னார்கள். நடந்துவிட்டவை என்று அவர்கள் நம்பிய சம்பவங்களுக்கு, எழுதியதைவிட அதிக வாய்ப்புக் கொடுத்ததாகவே பெரும்பாலும் நினைத்தார்கள். "அறிகுறி எல்லாம் கண்முன்னாடியே இருந்தது, முட்டாளாக இருந்துவிட்டேன்" என்ற புலம்பலில் பாதி இதுதான். அறிகுறி என்ற பெயரே முடிவுக்குப் பிறகுதான் அதற்குக் கிடைத்தது.

செம்மண்

ஒருமுறை நேரில் பேசிக் கேட்டுவிட்டால்? பாதியில் நின்ற காரியம்தான் மனதில் நிற்கும் என்று உளவியலாளர் ஸைகார்னிக் 1927-லேயே சொன்னாரே. பேசி முடித்துவிட்டால் விட்டுவிடும் அல்லவா?

குறிப்பேடு

ஸைகார்னிக் வைத்தது புதிர், கைவேலை போன்ற சின்னச் சின்னப் பணிகள். பிற்காலச் சோதனைகளில் அந்த விளைவு சீராகக் கிடைக்கவும் இல்லை. அதை வைத்து ஒருவருடைய கதவைத் தட்டப் போக வேண்டாம்.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. கேட்கப்போகும் அவருக்கும் இதே மாறிய நினைவுதான். அவர் சொல்வது இன்றைய அவருடைய பதில். "ஆமாம், உண்மையாகவே நேசித்தேன்" என்றால் "பிறகு ஏன் போனாய்" என்று அடுத்த கேள்வி பிறக்கும். "இல்லை" என்றால் பொய் சொல்கிறாரோ என்று தோன்றும். எந்தப் பதில் வந்தாலும் கேள்வி தீராது என்று தெரிந்தால் கேட்காமல் இருப்பது மேல். அவருக்கு இப்போது ஒரு வாழ்க்கை இருக்கலாம். அதற்குள் கல் எறிய நமக்கு உரிமை இல்லை.

கடிதம் எழுதியே ஆக வேண்டுமென்றால் காகிதத்தில் எழுதுங்கள். போனில் வேண்டாம், ஒரு தட்டலில் போய்விடும். 72 மணி நேரம் ஆறப்போடுங்கள். பிறகு எடுத்து, பதில் எதிர்பார்க்கும் வரிகளையெல்லாம் அடியுங்கள். எதுவும் மிஞ்சவில்லை என்றால் அது கடிதம் அல்ல, தூண்டில்.

அந்திமந்தாரை

ஒரு எச்சரிக்கையை இங்கேயே போட்டுவிடுகிறேன். அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்குவது, போனைப் பிடுங்கிப் பார்ப்பது, "நீயாகக் கற்பனை செய்கிறாய்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி நினைவையே சந்தேகிக்க வைப்பது ஆகியவை இருந்த உறவுகளுக்கு இந்த இழையின் முறைகள் பொருந்தாது. அங்கே சந்தேகமே அந்தக் காயத்தின் ஒரு பகுதி. "அவ்வளவு மோசமில்லையோ" என்று தோன்றும்போது நடுநிலையாக எண்ணிப் பார்க்கிறேன் என்று உட்கார வேண்டாம். பழைய மெசேஜைத் தனியாகத் திறக்கவும் வேண்டாம். பயிற்சி பெற்ற ஆலோசகருடன் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

அதேபோல, தூக்கமும் பசியும் குலைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது பழைய காதல் பிரச்சினை அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே.

தாழ்வாரம்

இந்த ஏற்றுக்கொள்வது என்பதையும் கொஞ்சம் தெளிவாக்குங்கள். மன்னிப்பதா? மறப்பதா?

அந்திமந்தாரை

இரண்டும் இல்லை. "நடந்தது சரி" என்று கையெழுத்துப் போடுவதும் இல்லை. பதில் கிடைக்காத பகுதியைப் பதில் கிடைக்காமலே வைத்துக்கொள்ளத் தெரிவதுதான் ஏற்பு.

வாக்கியத்திலேயே பழகலாம். "பிரியம் இருந்தது, ஆனால் போய்விட்டார்" என்று எழுதினால் "ஆனால்" முன்பாதியை அழித்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டு "உம்" போடுங்கள். "பிரியமும் இருந்தது, அது போதாமலும் இருந்தது." "நான் தவறும் செய்தேன், அன்றைக்கு வேறு வழி தெரியாமலும் இருந்தேன்." இப்படி ஐந்து வாக்கியம் எழுதி உரக்கப் படியுங்கள். எந்த "உம்" தொண்டையில் நிற்கிறதோ அங்கேதான் இன்னும் வேலை பாக்கி.

வைகறை

நிறுத்துவது எப்படி? தாளெல்லாம் எழுதி முடித்த பிறகும் நடுராத்திரியில் வருமே. நினைக்கவே கூடாது என்று இருந்துவிடலாமா?

குறிப்பேடு

அது மட்டும் வேண்டாம். 1987-இல் டேனியல் வெக்னர், 5 நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முன்பு அடக்கியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். கரடி வரும்போது சிவப்பு வோக்ஸ்வேகன் கார் ஒன்றை நினையுங்கள் என்று மாற்று கொடுத்தபோது அந்தத் திருப்பியடிப்பு குறைந்தது. மாற்று ஒன்றே ஒன்றாக, முன்கூட்டியே முடிவு செய்ததாக இருக்கட்டும்.

அதோடு நேரம் ஒதுக்குங்கள். கவலைக்கென்று தினமும் 30 நிமிடம் ஒதுக்கும் முறையை 1983-இல் தாமஸ் போர்கோவெக் குழு சோதித்தது. ஒரே நேரம், ஒரே இடம், படுக்கையில் கூடாது. நடுராத்திரியில் எண்ணம் வந்தால் ஒரு சீட்டில் நான்கு சொல் எழுதிவிட்டு "நாளை மாலை 6:30" என்று தள்ளிப்போடுங்கள். மாலையில் அந்தச் சீட்டை எடுத்தால் பாதிக்கு மேல் சப்பென்று இருக்கும். மீதியை யோசியுங்கள். யோசிப்பதற்கு ஒன்றும் இல்லாத மாலைகள் தொடர்ந்து ஏழு வந்தால் 30 நிமிடத்தை 10 ஆக்குங்கள், பிறகு வாரம் ஒருமுறை.

செம்மண்

கடைசியாக ஒன்று. அந்த மூன்று தாள்களை என்ன செய்வது? கிழிப்பதா, வைத்திருப்பதா?

நூற்கண்டு

வைத்திருங்கள். மேலே தேதி போட்டு, ஒரு உறையில், எளிதில் கைக்கு எட்டாத இடத்தில். வருடம் கழித்து அதே சந்தேகம் வந்தால் புதுத் தாள் எடுக்காமல் பழையதை எடுத்துப் படியுங்கள். புதிய தகவல் ஏதாவது இருந்தால் கீழே தேதியோடு ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் "புதிதாக ஒன்றுமில்லை" என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டு, உறையை ஒட்டிவிடுங்கள்.